சுழலுக்குள் ஒரு மாதம்: மீன்குஞ்சுகளும் கடல் சுழல்களும் (வாசகர் கேள்வி–பதில்)

முட்டையிலிருந்து வெளிவந்த மீன்குஞ்சு முதல் சில வாரங்களை நீரோட்டத்தின் போக்கில்தான் கழிக்கிறது. அந்த நாட்களில் கடல் சுழல்கள் அதை என்ன செய்கின்றன என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம்.

● கடல் சுழல் என்கிறார்களே, அது படகை உள்ளே இழுக்கும் நீர்ச்சுழியா? அதில் மாட்டிய குஞ்சு பிழைக்குமா?
— நாகப்பட்டினம் வாசகர்

ஆற்று மடுவில் தக்கையைச் சுற்றிக் கீழே இழுக்கும் சுழி வேறு, இது வேறு. கடல் சுழலின் குறுக்களவு 100, 200 கி.மீ. இருக்கும். அதன் நடுவில் படகை நிறுத்தினாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நடுப்பகுதியின் கடல்மட்டம் சுற்றுப்புறத்தைவிடச் சில செ.மீ. உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கும், அவ்வளவுதான். செயற்கைக்கோள் உயரமானிகள் 16 ஆண்டுகள் அளந்ததைத் தொகுத்து டட்லி செல்டன் குழுவினர் 2011இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 16 வாரமோ அதற்கு மேலோ நீடித்த சுமார் 35,000 சுழல்களை அதில் எடுத்துக்கொண்டார்கள். அவற்றின் சராசரி உயர வேறுபாடு 8 செ.மீ., ஆரம் 90 கி.மீ., ஆயுள் 32 வாரம், நகர்ந்த தூரம் 550 கி.மீ.

வேகத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து 50 கி.மீ. தள்ளி நீர் நொடிக்கு 30 செ.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 26 கி.மீ. ஆகிறது. சுற்றளவு 314 கி.மீ. என்பதால் ஒரு சுற்றுக்கு 12 நாள் பிடிக்கும். இப்படிச் சுற்றிக்கொண்டே சுழல் முழுவதும் மெல்ல இடம்பெயரவும் செய்யும். சுற்றும் வேகம் இடம்பெயரும் வேகத்தைவிட அதிகமாக இருக்கும்வரை உள்ளே உள்ள நீரும் கூடவே போகும், அந்த நீரில் மிதக்கும் குஞ்சும் கூடவே போகும். சுற்றும் வேகம் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் சுழல் தன் நீரை வழியில் விட்டுவிட்டு நகரும். சுழல் குஞ்சைப் பிடித்து வைக்குமா, வைக்காதா என்பதற்கு முதல் சோதனை இதுதான். பிடித்து வைத்தாலும் நடுப்பகுதிதான் இறுக்கமாக இருக்கும். விளிம்பு எப்போதும் கசியும்.

● வட அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகச் சுற்றும் சுழலின் நடுப்பகுதி குளிர்ந்தது, வலஞ்சுழியாகச் சுற்றுவதன் நடுப்பகுதி வெதுவெதுப்பானது என்று படித்தேன். அப்படியானால் குஞ்சுகளுக்கு இடஞ்சுழி நல்லது, வலஞ்சுழி கெட்டது என்று கட்டுரையில் எழுதலாமா?
— மதுரை, கல்லூரி மாணவி

எழுதாதீர்கள். முதல் பாதி சரிதான். இடஞ்சுழிச் சுழலில் நீர் நடுவிலிருந்து வெளியே தள்ளப்படுவதால் அடியிலுள்ள குளிர்நீர் அடுக்கு மேலேறுகிறது. அதனுடன் ஊட்டச்சத்து வெயில் எட்டும் ஆழத்துக்கு வருகிறது. நுண்பாசி பெருகுகிறது, அதைத் தின்னும் கோபிபாட் என்ற மிகச்சிறிய மிதவையுயிர் பெருகுகிறது, கோபிபாடின் இளம்பருவம் குஞ்சுக்கு முதல் இரையாகிறது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுற்றும் திசை தலைகீழாகும்.

ஆனால் இந்த மேலேற்றம் சுழல் உருவாகி வலுப்பெறும் கட்டத்தில்தான் அதிகம். முதிர்ந்து நிலைத்த சுழல் பெரும்பாலும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். பாசி சில நாளில் பெருகிவிடும், கோபிபாட் பெருக வாரக்கணக்கில் ஆகும். நேற்று உருவான சுழலில் இன்று பிறந்த குஞ்சுக்கு அதனால் விருந்து கிடைக்காது. மஞ்சட்கரு இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும், இரை அதற்குப் பிறகுதான் பெருகும்.

விதிவிலக்குகளும் பெரியவை. மேற்கு ஆஸ்திரேலியாவின் லீவின் நீரோட்டத்திலிருந்து பிரியும் வெப்பச் சுழல்களில் பச்சையம் எதிர்பார்த்ததைவிட அதிகம். கரையோரத் திட்டின் (கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடிப் பரப்பின்) வளமான நீரைச் சேர்த்து அணைத்துக்கொண்டே அவை உருவாவதுதான் காரணம். மெக்ஸிகோ வளைகுடாவில் புளூஃபின் சூரையின் லார்வாக்கள் (பொரித்த இளம்பருவக் குஞ்சுகள்) வலஞ்சுழிச் சுழல்களிலும் அவற்றின் விளிம்புகளிலும்தான் அதிகம் கிடைக்கின்றன. வளமான குளிர்நீரில் இரை இருக்கிறது, ஆனால் குஞ்சைத் தின்பவையும் அங்கேதான் கூடுகின்றன. வறண்ட வெப்பநீரில் பசி அதிகம், பகை குறைவு. சூரை அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பதே பரவலான விளக்கம்.

● சுழல் குஞ்சுகளைப் பிடித்து ஆழ்கடலுக்குக் கொண்டுபோய்விட்டால் அவை வீண்தானே? கரைக்கு எப்படித் திரும்பும்?
— இராமேசுவரம் வாசகர்

இந்தத் துறையின் மையக் கேள்வியே இதுதான். நார்வேயின் யோகான் யோர்ட் 1914இலேயே, குஞ்சுகள் தவறான திசையில் அடித்துச் செல்லப்படுவது ஓர் ஆண்டின் மீன்வளத்தையே கெடுக்கலாம் என்று எழுதினார். சுழல் குஞ்சுக்குப் பகையா, துணையா என்பதை முடிவு செய்ய இரண்டு எண்களை அருகருகே வையுங்கள். ஒன்று, குஞ்சு மிதந்து திரியும் நாட்கள். இன்னொன்று, சுழல் அந்த இடத்தில் நிற்கும் நாட்கள்.

நன்றாக ஆராயப்பட்ட இடம் அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ். பவளத்திட்டுகள் கொண்ட அந்தத் தீவுச்சரத்துக்கு வெளியே ஃபுளோரிடா நீரோட்டம் கிழக்கேயும் பிறகு வடக்கேயும் பாய்கிறது. சரத்தின் மேற்கு நுனிக்கு அருகே ரைலீஸ் ஹம்ப் என்ற கடலடி மேட்டில் மட்டன் ஸ்னாப்பர் மீன்கள் கோடையில் முழுநிலவை ஒட்டிக் கூட்டமாக முட்டையிடுகின்றன. அவற்றின் குஞ்சு சுமார் ஒரு மாதம் மிதக்கும். நீரோட்டம் நொடிக்கு 1.5 மீ. வேகத்தில் ஓடினால் நாளைக்கு 130 கி.மீ., ஒரு மாதத்தில் 3,900 கி.மீ. சரத்தின் மொத்த நீளமோ முந்நூறு கி.மீ. சொச்சம்தான். நீரோட்டத்தில் நேராக விழுந்த குஞ்சு மூன்று நாளில் தீவுகளைத் தாண்டிவிடும். திட்டில் இறங்கும் வயதை அது எட்டும்போது நடு அட்லாண்டிக்கில் இருக்கும்.

இங்கேதான் டார்ட்டுகாஸ் சுழல் வருகிறது. நீரோட்டத்துக்கும் திட்டுக்கும் இடையே நூறு கி.மீ.க்கு மேல் அகலமுள்ள ஓர் இடஞ்சுழிச் சுழல் உட்கார்ந்துகொள்கிறது. அதன் வடக்குப் பக்கம், அதாவது கரைப்பக்கம், நீர் மேற்கு நோக்கி ஓடும். வெளியே கிழக்கே அடித்துச் செல்லும் நீரோட்டம், உள்ளே அதற்கு எதிரோட்டம். குஞ்சு கிழக்கே போய், வளைந்து, கரையோரமாக மேற்கே திரும்புகிறது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சுழல் அங்கேயே நிற்கும். பிறகு கிழக்கே நகர்ந்து, நீரோட்டத்துக்கும் கரைக்கும் இடையே நசுங்கி, சிறுத்து, கடைசியில் கலைந்துபோகும். கலைவதற்கு முன் திட்டுகளை உரசிக்கொண்டு போகும்போது வயது வந்த குஞ்சுகள் இறங்கிக்கொள்கின்றன. அதனால்தான் அங்கே குஞ்சு வரத்து நாள்தோறும் சீராக இருப்பதில்லை, அலை அலையாக வருகிறது.

காற்றும் சேர்ந்துகொள்கிறது. கீழைக்காற்று வீசும்போது வட அரைக்கோளத்தில் மேற்பரப்பு நீர் காற்றுக்கு வலப்பக்கமாக, அதாவது அங்கே வடக்கே கரையை நோக்கி, நகரும். சுழல் கரையருகே கொண்டுவந்த குஞ்சை மேற்பரப்பு நீர் மீதித் தூரம் தள்ளிவிடுகிறது. ஆகவே குஞ்சு எந்த ஆழத்தில் மிதக்கிறது என்பதும் அதன் விதியைத் தீர்மானிக்கும்.

எங்கே தவறும்? மெக்ஸிகோ வளைகுடாவின் லூப் நீரோட்டம் திடீரென்று இடம் மாறிச் சுழலை முன்கூட்டியே கிளப்பிவிட்டால் தவறும். 15 நாள் வயதில் குஞ்சு திட்டைக் கடக்க நேர்ந்தால் அதற்கு இறங்கும் பக்குவம் இருக்காது. திட்டு கையெட்டும் தூரத்தில் இருந்தும் பயனில்லாமல் வளைகுடா நீரோட்டத்தோடு வடக்கே போய்விடும். முழுநிலவுக்கு ஒரு வாரம் கழித்துச் சுழல் வந்தாலும் இழப்புதான். அந்தப் பகுதி 2001இல் டார்ட்டுகாஸ் காப்பகமாக்கப்பட்டது. அங்கே முட்டையிடும் தாய்மீனைக் காப்பது மிகச் சரியான வேலை. ஆனால் எல்லா ஆண்டும் ஒரே பலன் கிடைக்காததற்கு மீனவரையோ காவலரையோ குறை சொல்லக் கூடாது.

எதிர்முனையில் இருப்பது மேற்கு ஆஸ்திரேலியச் சிங்கி இறால். கண்ணாடித்தாள் போலத் தட்டையான அதன் லார்வா 9 முதல் 11 மாதம் கடலில் திரியும். அதற்கு ஒரு சுழல் போதாது, பல சுழல்கள் மாறி ஏற வேண்டும். இளம்பருவத்தில் இரவில் மேற்பரப்புக்கு வந்து தென்காற்றால் வெளிக்கடலுக்குத் தள்ளப்படுகிறது. வளர்ந்த பிறகு பகலில் ஆழத்தில் தங்கி, கரை நோக்கி வரும் அடிநீரில் ஏறிக்கொள்கிறது. கடைசிப் பருவம் உணவே உண்ணாமல் கரையோரத் திட்டைக் குறுக்கே நீந்திக் கடந்து கரையோரப் பாறைகளை அடைகிறது. செயற்கைக் கடற்புல் கட்டிய பொறிகளில் ஒவ்வொரு சந்திர மாதமும் அவற்றை எண்ணி, மூன்று நான்கு ஆண்டு கழித்து எவ்வளவு பிடிபடும் என்று அங்கே முன்கூட்டியே சொல்கிறார்கள். மீன்வள நிர்வாகத்தில் இதைவிட நேர்த்தியான முன்கணிப்பு மிக அரிது என்பது எங்கள் கருத்து.

● குஞ்சால் நீந்தவே முடியாதா?
— திருச்சி, பள்ளி மாணவர்

முதல் வாரத்தில் முடியாது என்றே வைத்துக்கொள்ளலாம். 3 மி.மீ. உடம்புக்குத் தண்ணீர் பாகு போலத் தடிப்பாகத் தெரியும். கடைசி வாரத்தில் கதை வேறு. பவளத்திட்டு மீன்களின் வளர்ந்த குஞ்சுகள் பல, நொடிக்கு 20 செ.மீ.க்கு மேல் நீந்துகின்றன. சுழலின் விளிம்பிலிருந்து வெளியேற அது போதும். வலுவான நீரோட்டத்தை எதிர்க்கப் போதாது.

● ஒரு சுழலுக்கு உள்ளேயும் வெளியேயும் லார்வா எடுத்து ஒப்பிட விரும்புகிறோம். வலை, அளவு, பதப்படுத்தல் எல்லாம் எப்படி? வழக்கமாக எங்கே தவறுவார்கள்?
— தூத்துக்குடி, மீன்வள முதுநிலை மாணவர்கள்

முதலில் சுழலின் நடுவைக் கண்டுபிடியுங்கள். உயரமானி வரைபடம் பல நாள் அளவுகளைக் கலந்து வரைந்தது. அதை நம்பி நேரே போனால் நடுப்புள்ளி 20, 30 கி.மீ. தள்ளி இருக்கும். கப்பலில் நீரோட்டமானி இருந்தால் சுழலைக் குறுக்கே வெட்டிச் செல்லுங்கள். ஓட்டத்தின் திசை எதிராக மாறும் இடம்தான் நடு. அது இல்லையென்றால் 100 மீ. ஆழத்து வெப்பநிலையைப் பாருங்கள். குளிர்ச்சுழலின் நடுவில் அது மிகக் குறைவாக இருக்கும். மேற்பரப்பு வெப்பநிலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வெயிலில் சூடான மெல்லிய அடுக்கு எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

நடு, வளையம், விளிம்பு, வெளி என்று இருபுறமும் 10 முதல் 15 கி.மீ.க்கு ஓர் இடம் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் உள்ளேயும் இரவில் வெளியேயும் வலை இழுத்து ஒப்பிட்டால் உழைப்பெல்லாம் வீண். குஞ்சுகள் பகலில் வலையைக் கண்டு விலகும், ஆழமும் மாறும். நீங்கள் பகலிரவு வேறுபாட்டை அளந்துவிட்டு அதைச் சுழலின் வேலை என்று எழுதிவிடுவீர்கள்.

வலை, பாங்கோ என்ற வகை. இரட்டை வளையம், ஒவ்வொன்றும் 71 செ.மீ. விட்டம், 505 மைக்ரான் கண். கலிஃபோர்னியாவில் பல பத்தாண்டுகளாக நடக்கும் கடலாய்வு முறையைப் பின்பற்றலாம். கப்பலின் வேகம் மணிக்கு 1.5 முதல் 2 கடல்மைல் (நாட்). கம்பியை நிமிடத்துக்கு 50 மீ. வீதம் 300 மீ. வரை விடுங்கள், அரை நிமிடம் நிறுத்துங்கள், நிமிடத்துக்கு 20 மீ. வீதம் ஏற்றுங்கள். கம்பி செங்குத்திலிருந்து 45 டிகிரி சாய்ந்தே இருக்க வேண்டும். அப்போது ஆழம் சுமார் 210 மீ. கோணம் குறைந்தால் வேகத்தைச் சற்றுக் கூட்டுங்கள், அதிகரித்தால் குறையுங்கள். கோணத்தை ஒருவர் நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிக்கொண்டே வரட்டும்.

வலைவாயில் ஓடும் நீரை எண்ணும் ஃப்ளோமீட்டரைத் தண்ணீரில் இறக்குவதற்குச் சற்று முன்பும் ஏற்றிய உடனேயும் படித்துவிட வேண்டும். தளத்தில் தொங்கும்போது காற்றில் சுழன்று எண்ணிக்கை ஏறிவிடும், இது எல்லாக் கப்பலிலும் நடக்கிறது. பரவலாகப் பயன்படும் ஒரு வகை மானியில் ஓர் எண்ணிக்கை என்பது 2.69 செ.மீ. இழுத்ததற்குச் சமம். முன்னும் பின்னும் படித்த எண்களின் வித்தியாசம் 40,000 என்றால் 1,076 மீ. இழுத்திருக்கிறீர்கள். வலைவாயின் பரப்பு 0.396 ச.மீ. ஆகவே வடிந்த நீர் 426 க.மீ. 34 குஞ்சு கிடைத்தால், 34ஐ 426ஆல் வகுத்து ஆழம் 210ஆல் பெருக்கி மேலும் 10ஆல் பெருக்குங்கள். 10 ச.மீ. கடற்பரப்பின் கீழே 168 குஞ்சு என்று வரும். இதை நடு, விளிம்பு, வெளி மூன்றுக்கும் ஒரே முறையில் கணக்கிட்டால்தான் ஒப்பிட முடியும். இரண்டு மானிகளும் பெரிதும் மாறுபட்டால் ஒரு வலையில் சளி போன்ற பாசி அடைத்திருக்கும் அல்லது மானியில் நூல் சிக்கியிருக்கும். சராசரி போட்டுச் சமாளிக்காமல் அந்த இழுவையைத் திரும்பச் செய்யுங்கள்.

ஏற்றியதும் வலையை வெளிப்பக்கத்திலிருந்து கடல்நீர் பீய்ச்சிக் கழுவி, எல்லாவற்றையும் அடிக்குப்பியில் இறக்குங்கள். உள்ளிருந்து பீய்ச்சினால் குஞ்சுகள் கண்வழியே வெளியே போகும். சல்லடையில் கொட்டினால் ஜவ்வரிசிக் கஞ்சி போல இருக்கும். அதற்குள் கண்ணாடிச் சிராய் போன்ற ஒன்றில் இரண்டு கரும்புள்ளிகள் தெரிந்தால் அது குஞ்சு, புள்ளிகள் அதன் கண்கள்.

ஒரு பக்க வலையின் மாதிரியைப் போராக்ஸ் கலந்த 5 சதவீத ஃபார்மலினில் வையுங்கள், இனம் காண அது நல்லது. மறுபக்கத்தை 95 சதவீத எத்தனாலில் வையுங்கள், வயதும் டி.என்.ஏ.வும் பார்க்க அதுதான் வேண்டும். ஃபார்மலின் அமிலமாகி உட்செவிக் கல்லைக் கரைத்துவிடும். எத்தனால் பக்கத்தில் செய்யும் தவறு ஒன்றே ஒன்று. மாதிரியில் உள்ள நீர் எத்தனாலை நீர்க்கச் செய்துவிடும். மாதிரி ஒரு பங்கு, எத்தனால் மூன்று நான்கு பங்கு என்று ஊற்றி, 24 மணி நேரத்தில் வடித்துப் புதிதாக மாற்றுங்கள்.

அந்த உட்செவிக் கல்லில் நாளுக்கொரு வளையம் படிகிறது. 1,000 மடங்கு பெரிதாக்கி எண்ணினால் வயது தெரியும், வளையத்தின் அகலம் அந்த நாளின் வளர்ச்சியைச் சொல்லும். முதல் வளையம் சில இனங்களில் பொரித்த நாளிலும், சிலவற்றில் இரை எடுக்கத் தொடங்கிய நாளிலும் விழும். அந்த வித்தியாசத்தைக் கூட்ட மறக்காதீர்கள். ஃபுளோரிடா நீரிணையில் சுழலுக்குள் பிடித்த குஞ்சுகளில் வெளியே பிடித்தவற்றைவிட அகலமான வளையங்கள் கிடைத்தன. சுழல் குஞ்சைத் தக்கவைப்பதோடு நன்றாக வளர்க்கவும் செய்கிறது என்பதற்கு அது நேரடிச் சான்று.

● நீரோட்டத் தரவைப் பதிவிறக்கி, குஞ்சுகளுக்குப் பதிலாகத் துகள்களை விட்டுப் பார்க்கும் நிரல் ஒன்று எழுதினேன். பாதித் துகள்கள் கரையில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. மீதி ஒரே வரிசையாகப் போயின. எங்கே பிழை?
— சென்னை, மென்பொருள் பொறியாளர்

பிழை பெரும்பாலும் நிரலில் இருக்காது. 1/12 டிகிரித் தரவில் ஒரு கட்டம் சுமார் 9 கி.மீ. கரையை ஒட்டிய கட்டத்தில் வேகம் பூச்சியம், அதற்குள் நுழைந்த துகள் வெளியே வராது. துகளைக் கரையிலிருந்து இரண்டு கட்டமாவது தள்ளி விடுங்கள். கரைக்கட்டத்தில் நுழைந்தால் முந்தைய இடத்துக்குத் திருப்பி, அதை எண்ணிக்கையில் குறித்துக்கொள்ளுங்கள்.

வரிசையாகப் போனதற்குக் காரணம், கட்டத்தைவிடச் சிறிய கலக்கம் தரவில் இல்லை. ஒவ்வொரு நேர அடியிலும் (ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான காலம்) சிறு தற்செயல் நகர்வைக் கூட்டுங்கள். கலப்புக் குணகம் 10 ச.மீ./நொடி, அடி 30 நிமிடம் என்றால் நகர்வின் அளவு சுமார் 190 மீ. வரும். நேர அடியை ஒரு நாள் என்று வைத்திருந்தால் உடனே மாற்றுங்கள். வேகமான நீரோட்டம் 100 நிமிடத்தில் ஒரு கட்டத்தைத் தாண்டிவிடும், ஒரு நாள் அடியில் துகள் வளைய வேண்டிய சுழலை நேர்கோட்டில் குறுக்கே கடந்துவிடும். சுழலே காணாமல் போனது போல விடை வரும்.

கடல்மட்டச் சரிவிலிருந்து மட்டும் கணக்கிட்ட நீரோட்டத்தில் காற்றின் தள்ளல் இருக்காது, அதனால் சுழல்கள் உண்மையைவிடக் கெட்டியாகப் பிடித்து வைப்பதாகத் தோன்றும். எல்லாத் துகளையும் மேற்பரப்பில் வைப்பது அடுத்த பிழை. ஒரே ஆழம், பகலில் 50 மீ. இரவில் 10 மீ., வயதோடு ஆழம் மாறுவது என்று மூன்று விதமாக ஓட்டிப் பாருங்கள். ஒரே நாளில் விடாமல் முட்டையிடும் காலம் முழுவதும் சில நாளுக்கு ஒருமுறை விடுங்கள்.

சாவு விகிதத்தையும் சேர்த்தே ஆக வேண்டும். நாளைக்கு 10 சதவீதம் என்றால் 30 நாளில் ஆயிரத்துக்கு 42 மிஞ்சும், 20 சதவீதம் என்றால் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். எந்த எண்ணை வைத்தீர்கள் என்பதைப் படத்தின் கீழேயே எழுதுங்கள்.

● நம் வங்கக்கடலில் இப்படிச் சுழல்கள் உண்டா? மீன்பிடித் தடைக்காலத்தை அவற்றுக்கு ஏற்ப மாற்றலாமா?
— கடலூர் வாசகி

நிறைய உண்டு. ஆண்டுதோறும் வருவதில் பெரியது இலங்கைக்குக் கிழக்கே தென்மேற்குப் பருவத்தில் உருவாகும் இடஞ்சுழிச் சுழல். விநயசந்திரனும் யமகட்டாவும் 1998இல் அதை 'இலங்கைக் குவிமாடம்' என்று விவரித்தார்கள். குளிர்நீர் அடுக்கு அங்கே குவிமாடம் போல மேலெழும்புவதால் அந்தப் பெயர். மே வாக்கில் தொடங்கி, ஜூலையில் முதிர்ந்து, செப்டம்பரில் கலையும்.

சோழமண்டலக் கரையோர நீரோட்டமே ஆண்டுக்கு இருமுறை திசை மாறும். பிப்ரவரி முதல் மே வரை வடக்கே, அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே. ஒரே இடத்தில் பங்குனியில் பிறந்த குஞ்சும் ஐப்பசியில் பிறந்த குஞ்சும் எதிரெதிர்த் திசையில் போகும்.

இன்னொன்று, வங்கக்கடலின் வடபாதியில் ஆற்றுநீரும் மழைநீரும் சேர்ந்த உப்புக் குறைந்த நீர் மேலே மூடி போலக் கிடக்கிறது. குளிர்ச்சுழல் ஊட்டத்தைத் தூக்கினாலும் அது மூடிக்கு அடியிலேயே நின்றுவிடும். பாசி 40, 50 மீ. ஆழத்தில் பெருகும், மேலிருந்து பார்த்தால் கடல் வெறுமையாகத் தெரியும்.

தடைக்காலம் பற்றி: கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை, முட்டையிடும் மீனையும் சிறுமீனையும் விசைப்படகு வலையிலிருந்து காக்கிறது. குஞ்சு எங்கே மிதந்து போகும் என்பதை அதனால் மாற்ற முடியாது. சுழல்கள் ஆண்டுக்கு ஆண்டு இடமும் நாளும் மாறுபவை. அவற்றின் பின்னால் தடைத் தேதியை நகர்த்தினால் மீனவர் குடும்பங்கள் எதையும் திட்டமிட முடியாது. நிலையான தேதியே நல்லது. சுழலைக் கணக்கில் எடுக்க வேண்டிய இடம் வேறு. ஓர் ஆண்டு மீன் குறைந்தால் அதற்கு மீன்பிடி காரணமா, குஞ்சுகள் வெளிக்கடலுக்குப் போனது காரணமா என்று பிரித்துப் பார்க்கும்போது அது வேண்டும்.

● ஹைதராபாத் இன்காய்ஸ் (இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம்) நிறுவனம் தரும் மீன்வள வாய்ப்புப் பகுதி வரைபடத்தில் குஞ்சுகள் இருக்கும் இடமும் தெரியுமா?
— காரைக்கால் வாசகர்

தெரியாது. அந்த அறிவிப்பு மேற்பரப்பு வெப்பநிலையையும் பச்சையத்தையும் வைத்து வளர்ந்த மீன் மேயக்கூடிய இடத்தைச் சொல்கிறது. 3 மி.மீ. குஞ்சு எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. பருவமழை மேகம் மூடினால் அகச்சிவப்பில் எடுக்கும் வெப்பநிலையும் பச்சையமும் கிடைக்காது. உயரமானியின் ரேடாரோ மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். 2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் செயற்கைக்கோள், பழைய உயரமானிகள் தவறவிட்ட சிறிய சுழல்களையும் அகலமான பட்டையாகப் பார்க்கிறது. குஞ்சு இருக்கிறதா என்று உறுதி செய்ய இன்றும் வலைதான் இறக்க வேண்டும்.